714ஆம் அறையில் எடுத்த படம்

மே 5, திங்கள்

பினாங்கு வந்து சேர்ந்தாயிற்று. இரண்டு மாதப் பயிற்சி. நாங்கள் கேட்டரிங் படிக்கிற கல்லூரியிலிருந்து இந்த ஓட்டலுக்கு வந்திருப்பது நானும் சுடர்க்கொடியும் மட்டும்தான். சுடர் மூன்று வருடமாக ஹாஸ்டலில் என் ரூம்மேட். விமானத்தில் ஏறியதிலிருந்து வாந்தி. வந்ததும் சுருண்டு படுத்துவிட்டாள்.

அதனால் ஓட்டல் ஆபீசுக்கு நான் மட்டும் போனேன். மீதி இருப்பது இரண்டே இடம் என்றார்கள். ஒன்று ஃப்ரண்ட் ஆபீஸ். கோட் போட்டுக்கொண்டு, வருகிறவர்களைச் சிரித்து வரவேற்கிற வேலை. இன்னொன்று ஹவுஸ்கீப்பிங். அறை கூட்டி, படுக்கை மாற்றி, கக்கூஸ் கழுவுகிற வேலை. உங்களுக்குள் பேசி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். யாரிடம் பேசுவது? அவள் வாளியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். நானே இரண்டு பேருக்கும் எழுதி, இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும். முன்னால் நிறுத்தினால் அவளுக்குத்தான் கஷ்டம்.

அறைக்கு வந்து, ஓட்டல்காரர்கள் இப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். போட்டது அவர்கள்தானே. நான் எழுதியதைப் பார்த்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

"ஹவுஸ்கீப்பிங்கா? எனக்கா?" என்றாள். அதில் என்ன 'எனக்கா'? புரியவில்லை.

மே 7, புதன்

கல்லூரியிலிருந்து மெயில். கோடைப் பயிற்சிக்கு வெளிநாடு போயிருக்கும் மாணவர்களுக்குப் புகைப்படப் போட்டி. வேலை செய்கிற இடத்தில் எடுத்த ஒரே ஒரு படம். முதல் பரிசு வாங்குகிறவருக்கு, அவர் பயிற்சி பெறும் ஓட்டலிலேயே படிப்பு முடிந்ததும் ஒரு வருட வேலை. படத்தில் யார் முகம் தெரிந்தாலும் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். கடைசி நாள் மே 31.

இந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டில் எனக்கு ஜாதகம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கையில் ஒரு வேலை உத்தரவு இல்லாமல் திருநெல்வேலியில் இறங்கினால் நேரே மணவறைதான்.

சுடரிடம் மெயிலைக் காட்டினேன். "நான் கலந்துக்கலட்டி" என்றாள், பார்க்காமலேயே.

இப்படிச் சொல்கிறவர்கள்தான் முதல் ஆளாக அனுப்புவார்கள். பரீட்சைக்கு ஒன்றுமே படிக்கவில்லை என்று அழுதுவிட்டு எண்பத்தைந்து வாங்குகிறவர்களை நான் பார்த்ததில்லையா?

மே 11, ஞாயிறு

இன்று சந்தேகம் உறுதியாகிவிட்டது.

மதியம் இரண்டு பேருக்கும் ஓய்வு. சுடர் வந்து நிற்கிறாள். "ஏட்டி கோமதி, ஒன் கோட்ட ஒரு அரைமணி நேரம் தாயேன்."

"என்னத்துக்கு?"

"சும்மா, போட்டுப் பாக்கத்தான்."

கொடுத்தேன். என் பெயர்ப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். கீழே லாபிக்குப் போய், ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் நின்று, பெட்டி தூக்குகிற வங்காளதேசத்து அண்ணனிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி ஒன்று. போனைக் காதில் வைத்த மாதிரி ஒன்று. பதினோரு படம். நான் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினேன்.

சும்மா போட்டுப் பார்க்கவா பதினோரு படம்?

கல்லூரிக்கு என்ன தெரியப்போகிறது? ஃப்ரண்ட் ஆபீசில் வேலை பார்ப்பதாகப் படம் அனுப்பினால் நம்பிவிடுவார்கள். அதுவும் அவள் முகம் படத்தில் நன்றாக விழும். நாங்கள் கிளம்பும்போது அவள் வீட்டுத் தெருவில் பிளக்ஸ் வைத்தார்கள். அவள் முகத்தை யாருடைய கோட்டிலோ ஒட்டி, பின்னால் விமானம், 'மலேசியா செல்லும் எங்கள் மண்ணின் மகளே' என்று ஆள் உயரத்துக்கு. எங்கள் தெருவில் எனக்கு ஒரு நோட்டீஸ் கூட இல்லை. அதற்காகச் சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

இன்றும் சுடருக்குப் பாத்ரூமுக்குள் போன். குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள்.

மே 18, ஞாயிறு

குழாய்ச் சத்தத்தை மீறி இன்று கேட்டுவிட்டது. கதவில் காது வைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் துண்டு உள்ளே இருந்தது, அதற்காக நின்றேன்.

"ஆமாப்பா, லாபிலதான். கம்ப்யூட்டர் வேலதான்... காலு எப்படிப்பா வலிக்கும்? உக்காந்தே இருக்கேன்... போட்டோ வந்துச்சா? எல்லாத்துக்கும் காமிச்சீங்களா?"

பெற்ற அப்பாவிடமே இத்தனை சரளமாகப் புளுகுகிறவள் என்னிடம் உண்மை பேசுவாளா? அவள் அப்பா பாவம். கார்ப்பரேஷனில் வேலை என்று சொல்வாள். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. ஹாஸ்டலுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். நனைந்த தலையும் சோப்பு வாசனையுமாக, அப்போதுதான் குளித்து வந்த மாதிரி இருப்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால், "இருக்கட்டும் தாயி" என்பார். ஒரு தடவை நான் தண்ணீர் கொடுத்தபோது பாட்டிலை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக் குடித்தார். கூச்ச சுபாவம்.

அந்த மனிதரை ஏமாற்றுகிறாள்.

மே 21, புதன்

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் மிஸ் பரமேஸ். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். இந்த ஊர்க்காரர்கள் மாதிரி பேச்சுக்கு நடுவே 'லா' போடுவார். இன்று கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன் கூட்டாளி நல்லா செய்றா லா. நேத்து ஒரு வெள்ளக்காரம்மா பாஸ்போர்ட்ட தொலைச்சிட்டு அழுவுது. இந்தப் புள்ளதான் இங்கிலீஷ்ல பேசி, ஆறுதல் சொல்லி, தேடிக் குடுத்திச்சு. இவ்ளோ நல்லா பேசுற புள்ளைய ஏன் முன்னுக்குப் போடல?"

"எனக்குத் தெரியாது மிஸ்" என்றேன்.

"ஃபார்ம்ல அவளே ஹவுஸ்கீப்பிங்னு எழுதி சைன் பண்ணியிருக்கா. அதான் அதிசயமா இருக்கு."

ஃபார்மை ஏன் எடுத்துப் பார்த்தார்? யார் பார்க்கச் சொன்னது? சுடர் போய் அழுதிருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து என்னை அங்கே தள்ளிவிட்டு அவளை இங்கே கொண்டுவரப் பார்க்கிறார்கள். மதியம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு ஜப்பான்காரருக்கு வேறு அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மே 24, சனி

இன்று படம் கிடைத்துவிட்டது.

மதிய இடைவேளையில் ஏழாவது மாடிக்குப் போனேன். அவள் உண்மையில் என்னதான் செய்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன். 714ஆம் அறைக் கதவு திறந்திருந்தது, குறுக்கே துணி வண்டி. உள்ளே குளியலறையில் சுடர். கைமுட்டி வரை மஞ்சள் ரப்பர் கையுறை. கக்கூஸ் முன்னால் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்து, குதிகாலில் உட்கார்ந்து, முழங்கையை உயர்த்தி நெற்றி வியர்வையைத் துடைத்தாள். கையில் பிரஷ். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. சிரிக்கவில்லை, அழவில்லை. ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவள் முகம்.

போனைச் சத்தமில்லாமல் வைத்து எடுத்தேன். அவள் திரும்பவில்லை.

நான் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

மே 30, வெள்ளி

ஒரு வாரம் யோசித்தேன். என்னிடம் வேறு நாற்பது படம் இருக்கிறது. சூரியன் கடலில் இறங்குவது, பஃபேயில் அடுக்கிய பழம், நான் கோட்டில் நிற்பது. எல்லாம் காலண்டரில் போடத்தான் லாயக்கு.

அவள் பொய்ப் படம் அனுப்புகிறாள். நான் உண்மையை அனுப்புகிறேன். இதில் யார் செய்வது சரி?

சம்மதக் கடிதத்தில் சுடர் கையெழுத்தை நானே போட்டேன். இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காலை எட்டரை வகுப்புக்கு அவள் வராத நாளெல்லாம் வருகைப் பட்டியலில் அவளுக்கு நான்தான் கையெழுத்துப் போடுவேன். சனிக்கிழமை லேப் வகுப்பில் எனக்கு அவள் போடுவாள். மூன்று வருடத்தில் ஒரு வாத்தியாரும் கண்டுபிடித்ததில்லை. எங்கள் கல்லூரியில் ரூம்மேட் என்றால் அதுதான் அர்த்தம். அந்த 'சு'வைக் கீழே இழுத்துச் சுழிப்பதில் அவளைவிட எனக்குத்தான் கை படிந்திருக்கிறது.

தலைப்பு: 'உழைப்பின் ஒளி'. அனுப்பிவிட்டேன்.

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள். போட்டியில் இருப்பவள் வேறென்ன சொல்வாள்?

ஜூன் 3, செவ்வாய்

இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு படம். என் படம் இருக்கிறது! கல்லூரிப் பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்கள். மூன்று தடவை பார்த்தேன். சுடர் பெயரில் ஒரு படமும் இல்லை.

வேறு பெயரில் அனுப்பியிருப்பாளோ?

ஜூன் 4, புதன்

எழுதத்தான் வேண்டுமா என்று இருக்கிறது. எழுதுகிறேன்.

வேலை முடிந்து அறைக்கு வந்தால் சுடர் சீருடையைக் கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். போனை என் பக்கம் திருப்பினாள். வகுப்பு குரூப்பில் யாரோ என் படத்தைப் போட்டுக் கைதட்டியிருக்கிறார்கள்.

"இத எப்ப எடுத்த?"

சொன்னேன்.

"என் சம்மதம்னு ஒரு கடுதாசி வச்சிருக்கியாமே. யாரு கையெழுத்து போட்டா?"

"நம்ம எப்பவும் போடுததுதானட்டி."

"அட்டென்டன்ஸ்க்குப் போடுததும் இதும் ஒண்ணா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன்.

"எங்கப்பா கார்ப்பரேஷன்ல என்ன வேல பாக்காரு தெரியுமா ஒனக்கு?"

"கிளார்க்னு..."

"நான் சொன்னனா கிளார்க்னு? சாக்கட அள்ளுதாரு. பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் கழுவுதாரு. இருவத்தாறு வருசமா. எங்கம்மா போனதுலருந்து வீட்டையும் அவருதான் பெருக்குதாரு. நான் தொடப்பத்த எடுத்தா புடுங்கி வச்சிருவாரு. எம்புள்ள கையி இதத் தொடக்கூடாதும்பாரு. அந்தாளுக்குத்தான் கோட்டு போட்டு போட்டோ அனுப்புனேன். ஒன் போட்டிக்கு ஒண்ணும் அனுப்பல."

பதினோரு படமும் அவருக்கா?

அவள் நிறுத்தவில்லை. "காலேஜ்லருந்து இந்த ஓட்டலுக்கு அனுப்புன ஃபார்ம்ல அப்பா தொழில்னு ஒரு எடம் இருந்துச்சு. எதுக்குப் பொய்னு உள்ளத எழுதுனேன். அதப் பாத்துட்டுதான் எனக்கு இந்த வேலயப் போட்டிருக்காங்க. கடல் தாண்டி வந்தும் விடல பாத்தியா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தாள், மேலும் எதற்கு என்று விட்டேன்.

"கோமதி, படத்த எடுக்கச் சொல்லி எழுது. அவரு கண்ணுல பட்டுரக் கூடாது."

"சரி, எழுதுதேன்."

எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "இன்னும் எதுக்கெல்லாம் என் கையெழுத்தப் போட்டிருக்க?"

"வேற எதுக்கும் இல்ல."

நம்பாத பார்வை ஒன்று பார்த்தாள். இப்படி எடுத்ததற்கெல்லாம் சந்தேகப்பட்டால் ஒரே அறையில் எப்படி இருப்பது?

ஜூன் 5, வியாழன்

மெயில் எழுதி வைத்திருக்கிறேன். நாளை முடிவு. ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது? பரிசு எனக்கு வராமலே போகலாம். அப்போது எடுக்கச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. அவள் அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், போட்டோ எல்லாம் பக்கத்து வீட்டுப் பையன் போனுக்குத்தான் போகிறது. கல்லூரிப் பக்கத்தை அவர் எங்கே பார்க்கப்போகிறார்?

சுடர் கேட்டாள். அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

முதல் பரிசு.

ஜூன் 7, சனி

துறைத் தலைவர் போனில் வாழ்த்தினார். அம்மா அழுதாள். அப்பா, ஜாதகத்தை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவராகவே சொன்னார். கல்லூரி வாசலிலும் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமும் பிளக்ஸ் வைத்திருக்கிறார்களாம். என் தம்பி படம் எடுத்து அனுப்பினான். பத்தடி உயரம். முக்கால்வாசிக்குச் சுடர், கக்கூஸ் முன்னால், பிரஷ்ஷோடு. மூலையில் வட்டத்துக்குள் ஓட்டல் கோட்டோடு நான்.

சுடர் என்னோடு பேசுவதில்லை. போர்டு வைத்தது அவளுக்குத் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் மூன்று மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு. சுடர் வேலையில் இருந்தாள். எடுத்தேன்.

"கோமதியாம்மா? நான் சுடரு அப்பா பேசுதேன் தாயி. பக்கத்து வீட்டுப் பையன் போன்ல இருந்து. அவ பக்கத்துல இருக்காளா?"

"இல்லப்பா, வேலைக்குப் போயிருக்கா."

"நல்லதாப் போச்சு. ஒங்கிட்டத்தான் பேசணும்." கொஞ்சம் இருமினார். "ஜங்ஷன்ல அனுமதி இல்லாத போர்டெல்லாம் எடுக்கச் சொல்லி இன்னைக்கி எங்க ஆளுகள அனுப்புனாங்க. நானும் போயிருந்தேன். பிரிச்சுக்கிட்டே வாரேன், பாத்தா எம்புள்ள."

நான் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கூட இருந்தவனுவ எல்லாம் பாத்துட்டானுவ. ஒருத்தனும் வாயத் தொறக்கல. நானே கயித்த அறுத்து எறக்கி, சுருட்டி, சைக்கிள்ல கட்டி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். எடுத்தது நீதான்னு போட்டிருந்துச்சு. படம் நல்லாருக்கு தாயி. அவ மொகம் களையா இருக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அதற்காகக் கூப்பிடவே இல்லை.

"நான் பாத்தேன்னு அவகிட்ட சொல்லிராத. லாபில இருக்கேன்னு சொல்லுதா. அப்படியே சொல்லிக்கிட்டு இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. நீ கோட்டு போட்டு முன்னால நிக்க. அவள அங்க விட்டிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே படிப்பு. எஞ்சோலி என்னன்னு அங்க யாருக்கும் தெரிஞ்சு போச்சா? அதனாலயா?"

ஒரு மாதமாக யார் யாரையோ சந்தேகப்பட்டு இந்த நோட்டை நிரப்பியிருக்கிறேன். அந்த மனிதர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு வார்த்தை என்னிடம் இருக்கிறது. சொன்னால் வேலை போகும், சுடர் போவாள், எல்லாம் போகும். தெரியாது என்று சொன்னால் அவர் சரி தாயி என்று வைத்துவிடுவார், சாகும்வரை அதை நம்பிக்கொண்டிருப்பார்.

"இல்லப்பா. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எங்களையே எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. சுடர் மேலுக்கு முடியாமப் படுத்திருந்தா. அவ கையெழுத்த நானே போட்டு, அவளுக்கு அந்த வேலய நான்தான் எழுதிக் குடுத்தேன். எனக்கு நல்லது வேணும்னு."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"அப்ப என்னால இல்ல?"

"இல்லப்பா."

"நெசமாவா?"

"சத்தியமாப்பா."

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "சரி தாயி. அது போதும். நல்லாச் சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு திட்டு திட்டியிருக்கலாம். அவருக்கு நான் செய்ததைவிட, தன்னால் நடக்கவில்லை என்பதுதான் பெரிதாக இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். எனக்காக அழுதேனா அவருக்காகவா என்று இப்போதும் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் கல்லூரிக்கு மெயில் போய்விட்டது. சம்மதக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து, பரிசு வேண்டாம், படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுங்கள் என்று. அடுத்து மிஸ் பரமேஸிடம் போய் ஃபார்ம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத மொதல்ல அவகிட்ட சொல்லு. அப்பறம் நான் ஆபீஸ்ல பேசுறேன்" என்றார்.

ஐந்து மணிக்குச் சுடர் வந்தாள். கை கழுவிக்கொண்டிருந்தபோதே சொல்லிவிட்டேன். உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எனக்குத் தைரியம் போயிருக்கும். அவள் அப்பா கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. அது அவர் கேட்டுக்கொண்டது.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அப்ப நான் எழுதுன அப்பா தொழில யாரும் பாக்கலயா?"

"பாக்கல."

"அதப் பாத்துப் போடல?"

"இல்லட்டி. நான்தான்."

அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. தோள் குலுங்குகிறது. பார்க்க முடியாமல் பக்கத்தில் போய்க் குனிந்து, தோளில் கை வைக்கப் போனேன்.

"தொடாத" என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றேன்.